யாங்சினுக்குச் சுருதி கூட்டும் முறை

மலேசியத் தோட்டப் பட்டணங்களில் சீனப் பள்ளிக்குப் போகும் தமிழ்ப் பிள்ளைகள் இன்று நிறைய பேர். பள்ளியின் சீன இசைக் குழுவில் எர்ஹு, பிப்பா, யாங்சின் வாசிப்பவர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எர்ஹுவுக்கு இரண்டே தந்தி, பிப்பாவுக்கு நான்கு. யாங்சினுக்கோ நூற்றைத் தாண்டும். ஈப்போவிலிருந்து ஆளை வரவழைத்துச் சுருதி கூட்டினால், நாலு நாள் மழை பிடித்ததும் எல்லாம் கலைந்துவிடும். அதனால் வாத்தியம் இருக்கும் ஊரிலேயே ஒருவருக்காவது இந்த வேலை தெரிந்திருக்க வேண்டும். வீணையோ தம்புராவோ கூட்டிப் பழகியவர் யாராவது இருந்தால் அவரையே பிடியுங்கள். காது ஏற்கெனவே தயாராக இருக்கும், கைப்பழக்கம் மட்டுமே புதிது. ஒரே ஒரு விஷயத்தில் காதையும் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும். அதைப் பின்னால் சொல்கிறோம்.

மூங்கில் குச்சிகளால் தந்தியைத் தட்டி வாசிக்கும் இந்த வாத்தியம் மிங் ஆட்சியின் கடைசிக் காலத்தில் வெளியிலிருந்து சீனாவுக்கு வந்தது. பழைய வண்ணத்துப்பூச்சி வடிவ யாங்சின் சிறியது, அதில் இரண்டே குதிரை, அதாவது தந்திகளைத் தாங்கும் கட்டை. இன்று பள்ளிகளில் இருப்பது பெரும்பாலும் 401 அல்லது 402 ரகம். கீழே சொல்வதெல்லாம் இவற்றை வைத்துத்தான். சிறிய பழைய யாங்சினுக்கும் அடிப்படை இதுதான்.

முதலில் பாகங்களைப் பார்த்துவிடலாம். வாசிப்பவருக்கு வலப்பக்க ஓரத்தில் முறுக்காணிகள் வரிசையாக இருக்கும். தந்தியை இழுப்பதும் தளர்த்துவதும் இவற்றில்தான். இடப்பக்க ஓரத்தில் தந்தியின் கண்ணியை மாட்டும் ஆணிகள், அவை திரும்பாது. நடுவில் பலகையின்மேல் நீளவாக்கில் குதிரைகள் நிற்கும். இவை ஒட்டப்பட்டவை அல்ல, தந்திகளின் அழுத்தம் மட்டுமே அவற்றைப் பிடித்து நிறுத்துகிறது. இதை மறக்கவே கூடாது. ஒரே சுரத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தந்திகள் சேர்ந்திருக்கும், அதை இங்கே கட்டு என்று சொல்வோம். மந்தரத்தில் செம்புக் கம்பி சுற்றிய தடித்த தந்தி ஒன்றோ இரண்டோ, மேலே போகப் போக மூன்று, நான்கு, சிலவற்றில் ஐந்து.

இரு ஓரங்களிலும் தந்திக்கு அடியில் சின்ன உலோக உருளைகள் இருக்கும், தந்திக்கு ஒன்றாகவோ கட்டுக்கு ஒன்றாகவோ. அவற்றைக் குதிரைப் பக்கம் தள்ளினால் ஒலிக்கும் நீளம் குறைந்து சுருதி ஏறும், ஓரத்துப் பக்கம் தள்ளினால் இறங்கும். வீணையில் சுருதியை நுணுக்கமாகத் திருத்தும் லங்கர் வளையம் செய்யும் வேலையை இங்கே இந்த உருளை செய்கிறது. ஒலிக்கும் நீளம் 40 செ.மீ. உள்ள தந்தியில் உருளையை 1 மி.மீ. நகர்த்தினால் சுமார் 4 சென்ட் மாறும், 20 செ.மீ. தந்தியில் அதே 1 மி.மீ. 9 சென்ட்வரை மாற்றிவிடும். ஒரு அரைச்சுரம் 100 சென்ட். ஆக, மேல்ஸ்தாயி உருளைகளைத் தொடும்போது கை மிக மெதுவாகப் போக வேண்டும்.

சுருதிச் சாவி வாத்தியத்தோடு வந்திருக்கும். சுத்தியல்போல ஒரு தலையும் அடியில் ஆணிக்குப் பொருந்தும் சதுர வாயும் கொண்டது. வாயால் ஆணியைத் திருப்புவது, தலையால் உருளையைத் தட்டி நகர்த்துவது. அது தொலைந்துபோனால் ஹார்ட்வேர் கடைக் குறட்டை எடுத்து ஆணியைத் திருகாதீர்கள். சதுர முனை மழுங்கிவிட்டால் பிறகு எந்தச் சாவியும் பிடிக்காது. வாத்தியக் கடையில் ஆணியின் அளவைச் சொல்லிச் சாவி வாங்குங்கள். மற்றபடி வேண்டியவை: குரோமாட்டிக் டியூனர் அல்லது போனில் டியூனர் செயலி, மற்ற தந்திகளை அடக்க நீளமான மெல்லிய துணி, கட்டுக்குள் தந்திகளைத் தனித்தனியாக அடக்க ஃபெல்ட் துண்டுகள், பென்சில், கண்ணாடி. கண்ணாடி கண்ணுக்குப் போட. இழுத்துக் கட்டிய உருக்குத் தந்தி அறுந்தால் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. ஆணியைத் திருப்பும்போது முகத்தைத் தந்திக்கு நேர் மேலே வைக்காதீர்கள், பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

வேலை தொடங்குவதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிய வேண்டும். முதலாவது, குழுவின் ஏ சுரம் (மேற்கத்தியப் பெயரில் A) 440 ஹெர்ட்ஸா 442 ஹெர்ட்ஸா என்பது. இரண்டுக்கும் கிட்டத்தட்ட 8 சென்ட் வித்தியாசம். தனியாக வாசித்தால் யாருக்கும் தெரியாது, குழுவோடு சேர்ந்தால் உடனே உறுத்தும். குழுவில் ஷெங் என்ற வாயால் ஊதும் ரீடு வாத்தியம் இருந்தால் அதைக் கேட்டு முடிவெடுங்கள். அதன் ரீடுகளை மேடையில் நின்று மாற்ற முடியாது, ஆகவே மற்ற வாத்தியங்கள்தான் அதற்கு இணங்க வேண்டும். செயலியின் அமைப்பிலும் அதே எண்ணைப் போட்டுவிடுங்கள். பலர் விடும் தவறு இங்கேதான், செயலி 440-லேயே கிடக்கும்.

இரண்டாவது, அந்த ரகத்தின் சுர வரைபடம். வாத்தியத்தோடு ஒரு தாள் வந்திருக்கும், எந்தக் கட்டு எந்தச் சுரம் என்று படமாகக் காட்டும். அதை நகல் எடுத்துப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவையுங்கள். பொதுவான ஒழுங்கு இது: ஒரே குதிரையில் வாசிப்பவரிடமிருந்து விலகி மேலே போகப் போக ஒவ்வொரு கட்டும் ஒரு முழுச்சுரம் ஏறும், இடப்பக்கம் தாண்டினால் பஞ்சமம் ஏறும். ஆனால் விளிம்புகளிலுள்ள கட்டுகள் இந்த ஒழுங்கில் அடங்காது, அரைச்சுரங்களை அங்கே நிரப்பியிருப்பார்கள். ஊகித்துக் கூட்டினால் தந்தி அறும்.

வாத்தியத்தை எங்கே வாசிக்கப் போகிறார்களோ அந்த அறையில் இரண்டு மணி நேரமாவது நிற்கவிடுங்கள். ஏர்கோன் காற்று நேராகப் படும் இடமும் சன்னல் வெயில் விழும் இடமும் வேண்டாம். பிறகு குதிரைகளைப் பாருங்கள். ஒவ்வொன்றும் பலகைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். வலப்பக்க ஆணியிலிருந்து திரும்பத் திரும்ப இழுப்பதால் குதிரையின் தலை வலப்பக்கம் சாய்வதுதான் வழக்கம். பிள்ளைகளின் வடிவியல் பெட்டியிலிருக்கும் மூலைமட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சரியாக நிற்கும்போதே குதிரையின் அடியை ஒட்டிப் பலகையில் பென்சிலால் மெல்லிய கோடு போட்டுவையுங்கள், பின்னால் எவ்வளவு நகர்ந்தது என்று அது காட்டும். கொஞ்சம் சாய்ந்திருந்தால் அந்தக் குதிரையின் தந்திகள் எல்லாவற்றையும் சிறிது சிறிதாகத் தளர்த்தி, இரண்டு கையாலும் குதிரையின் தலையை மெதுவாக நிமிர்த்தலாம். முழுக்கத் தளர்த்தினால் குதிரை விழுந்துவிடும், பலகையும் அதுவரை தாங்கிய பாரத்தை ஒரேயடியாக இழக்கும். அதிகம் சாய்ந்திருந்தால் வாத்தியம் பழுது பார்ப்பவரிடம் விடுவதே நல்லது.

ஆணியைத் திருப்பும் விதம் இந்த வேலையின் பாதி. சாவியை ஆணியின் அடிவரை நன்றாக இறக்கி, நேர் அச்சில் திருப்புங்கள். பக்கவாட்டில் சாய்த்தால் ஆணிக்கட்டையின் துளை அகலமாகி, நாளாவட்டத்தில் ஆணி நிற்காமல் நழுவும். வலஞ்சுழியாகத் திருப்பினால் சுருதி ஏறும். மணிக்கட்டின் சின்ன அசைவே போதும். திருப்புவதற்கு முன்பே எந்தத் தந்தி எந்த ஆணிக்குப் போகிறது என்று விரலால் தடவிக்கொண்டே போய் உறுதி செய்யுங்கள். ஆணிகள் நெருக்கமாக, முன்னும் பின்னுமாக இருப்பதால் கண்ணை நம்ப முடியாது. தந்தி அறுவதற்குப் பெரும்பாலும் காரணம் துருவும் இல்லை, பழமையும் இல்லை: ஒரு தந்தியைத் தட்டிக்கொண்டு பக்கத்து ஆணியைத் திருப்புவதுதான். திருப்பியும் டியூனர் அசையவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். புதியவர்கள் ஒரு கட்டின் ஆணிகளுக்கு ஒரு நிறம், அடுத்த கட்டுக்கு வேறு நிறம் என்று நகப்பூச்சால் தலையில் புள்ளி வைத்துக்கொள்ளலாம்.

தந்தி ஆணியிலிருந்து உருளையைத் தாண்டி, குதிரையைத் தாண்டி, மறு ஓர உருளையையும் தாண்டிப் போகிறது. தாண்டும் இடமெல்லாம் உராய்வு. நீங்கள் இழுக்கும் இழுப்பு முதலில் வலப்பக்கத் துண்டில்தான் ஏறும், இடப்பக்கம் சற்றுப் பின்தங்கும். இப்போது டியூனரைப் பார்த்துவிட்டு அடுத்த தந்திக்குப் போனால், பிள்ளை நாலு முறை பலமாக அடித்ததும் இழுப்பு இரு பக்கமும் சமமாகி, கூட்டிய சுருதி இறங்கியிருக்கும். ஆகவே ஒவ்வொரு முறை திருப்பிய பிறகும் குதிரையின் இரு பக்கத்திலும் மூன்று நான்கு முறை அழுத்தித் தட்டுங்கள். மறுபடி பாருங்கள். தட்டிய பிறகும் முள் நகரவில்லை என்றால்தான் அந்தத் தந்தி நின்றது என்று பொருள். சுருதி அதிகமாக ஏறிவிட்டால் தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாக இறக்கி, கீழிருந்து மேலாக வந்து நிறுத்துங்கள்.

எங்கே தொடங்குவது? முதலில் எல்லாக் கட்டுகளையும் ஒரு முறை தட்டி, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். மொத்தமாக 20 சென்டுக்கு மேல் இறங்கியிருந்தால் துல்லியம் பார்க்காமல் எல்லாவற்றையும் வேகமாக ஒரு சுற்று ஏற்றிவிடுங்கள், சொன்ன சுருதிக்கு மேலே இரண்டு மூன்று சென்ட் இருக்கட்டும். காரணம், தந்திகளை இழுக்க இழுக்கப் பலகைமேல் பாரம் ஏறி அது கொஞ்சம் அமுங்கும், முதலில் கூட்டியவை மீண்டும் இறங்கும். ஒரு குதிரையை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறவர்கள் கடைசியில் முதல் குதிரை கலைந்து கிடப்பதைப் பார்ப்பது இதனால்தான். அந்தச் சுற்று முடிந்து இருபது நிமிடமாவது விட்டு, பிறகு நிஜ வேலைக்கு வாருங்கள்.

இரண்டாவது சுற்றில் நடு ஸ்தாயியின் ஏ-யில் தொடங்குங்கள். எல்லாக் கட்டுகளிலும் ஒரே ஒரு தந்தியை மட்டும் டியூனரைப் பார்த்துக் கூட்டிக்கொண்டே போங்கள். யாங்சினில் ஒன்றைத் தட்டினால் பத்து ஒலிக்கும். பக்கத்துத் தந்திகளின் ரீங்காரம் டியூனரைக் குழப்பும். வேலை செய்யும் கட்டைத் தவிர மற்றவற்றின்மேல் துணியைப் பரப்பி, கட்டுக்குள் மற்ற தந்திகளுக்கிடையே ஃபெல்ட் துண்டைச் செருகினால் முள் தடுமாறாது. மெதுவாகத் தட்டுங்கள். ஓங்கி அடித்தால் முதல் கணத்தில் சுருதி சற்று ஏறிக் காட்டும். மந்தரத் தந்திகளில் டியூனர் ஒரு ஸ்தாயி மேலே காட்டினால் பயப்பட வேண்டாம், சுரத்தின் பெயர் சரியா என்று மட்டும் பாருங்கள். பிறகு மேல் ஸ்தாயியிலுள்ள அதே சுரத்தோடு சேர்த்துத் தட்டிக் காதால் உறுதி செய்யுங்கள்.

அடுத்து கட்டுகளை நிறைவு செய்வது. இங்கே டியூனரை ஓரமாக வைத்துவிடலாம். வைத்துவிடத்தான் வேண்டும் என்பது எங்கள் எண்ணம். சாதாரணச் செயலி ஒன்றிரண்டு சென்ட் தவறைச் சரி என்றே பச்சை காட்டும். காது அதை ஏற்காது. கூட்டிய முதல் தந்தியோடு இரண்டாவதை மட்டும் சேர்த்துத் தட்டுங்கள். இரண்டும் சற்று விலகியிருந்தால் ஒலி பெருத்தும் சிறுத்தும் அலையடிக்கும். ஒன்று 440, மற்றது 442 என்றால் நொடிக்கு இரண்டு அலை. ஆணியைத் திருப்பத் திருப்ப அலை மெதுவாகி, நீண்டு, கடைசியில் ஒலி ஒரே கோடாக நிற்கும். 440 ஹெர்ட்ஸ் அருகில் ஒரு சென்ட் என்பது கால் ஹெர்ட்ஸ், அதாவது நான்கு நொடிக்கு ஒரு அலை. யாங்சினின் ஓசை அதற்குள் ஓய்ந்துவிடும், ஆகவே அந்த அளவு வந்தால் போதும். மூன்றாவது தந்தியையும் முதலாவதோடு மட்டுமே ஒப்பிடுங்கள். இரண்டாவதோடு ஒப்பிட்டால் அதன் சிறு தவறும் சேர்ந்து பெருகும்.

சில தந்திகள் தனியாக ஒலிக்கும்போதே அலையடிக்கும். அது சுருதிக் குற்றம் இல்லை. துரு, வளைவு, குதிரையின் தலையிலுள்ள பள்ளம் இவற்றால் தந்தி சீராக அதிர முடியாமல் போகிறது. அந்தத் தந்தியை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

இப்போது குதிரையின் இரு பக்கமும் வாசிக்கும் கட்டுகள். ஒரே தந்தி குதிரையால் இரண்டாகப் பிரிந்து, வலப்பக்கம் ஒரு சுரமும் இடப்பக்கம் அதன் பஞ்சமமும் தரும். நீளங்கள் 3-க்கு 2 என்ற விகிதத்தில் இருப்பதுதான் காரணம். வலப்பக்கத்தை ஆணியால் கூட்டிய பின் இடப்பக்கத்தைத் தட்டிப் பாருங்கள். தவறினால் ஆணியைத் தொடாதீர்கள், தொட்டால் இரண்டும் சேர்ந்து நகரும். இடப்பக்க உருளையைச் சாவியின் தலையால் லேசாகத் தட்டி நகர்த்துங்கள், அந்தப் பக்கம் மட்டும் மாறும். உருளை எல்லைக்குப் போயும் போதவில்லை என்றால், அதுவும் ஒரே குதிரையில் எல்லாக் கட்டுக்கும் ஒரே திசையில் போதவில்லை என்றால், குதிரை இடம் மாறியிருக்கிறது. பென்சில் கோட்டைப் பாருங்கள். இடப்பக்கம் எல்லாம் ஏறியிருந்தால் குதிரை இடப்பக்கம் நகர்ந்திருக்கும், இறங்கியிருந்தால் வலப்பக்கம்.

காதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று சொன்னது இங்கேதான். நம் காது சுத்த பஞ்சமத்துக்கும் தம்புராவில் தானாகப் பிறக்கும் அந்தர காந்தாரத்துக்கும் பழகியது. சீன இசைக் குழு இன்று ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பாகமாகப் பிரித்துக் கூட்டுகிறது. ஷட்ஜத்திலிருந்து நம் அந்தர காந்தாரம் சுமார் 386 சென்ட், அவர்கள் கேட்பது 400. பதினான்கு சென்ட் இறக்கிக் கூட்டினால் நமக்குத் தேனாக இருக்கும், குழுவில் எடுபடாது. பஞ்சமத்தில் வித்தியாசம் சிறிது: சுத்தமானது 702, இங்கே 700. டி சுரம் 293.66 ஹெர்ட்ஸ் என்றால் அதன் சுத்த பஞ்சமம் 440.5 வரும், வேண்டியதோ 440. இரண்டையும் சேர்த்துத் தட்டினால் நொடிக்கு ஏறக்குறைய ஒரு அலை மெதுவாக அடிக்கும். அதை நிறுத்தக் கூடாது. ஒரு பஞ்சமத்தை இனிமையாக்கி அடுத்ததற்குப் போனால் பன்னிரண்டாவதில் கணக்கு இடிக்கும். ஆகவே ஒவ்வொரு கட்டிலும் முதல் தந்திக்கு டியூனர், மற்றத் தந்திகளுக்கும் ஸ்தாயிகளுக்கும் காது. வீட்டில் பிள்ளை கீர்த்தனை மட்டும் வாசிக்கப் போகிறது என்றால் தாராளமாகச் சுத்த சுரங்களில் கூட்டலாம். குழு ஒத்திகைக்கு முன் மாற்றிவிட வேண்டும்.

நம் ஊர் வானிலை இந்த வாத்தியத்துக்குக் கடினமானது. தகரக் கூரை மண்டபம் மத்தியானம் கொதிக்கும், நாலு மணி மழையில் குளிர்ந்துவிடும். சூட்டில் உருக்குத் தந்தி நீண்டு சுருதி இறங்கும், குளிர்ந்தால் ஏறும். ஈரத்தில் பலகை உப்பிக் குதிரைகளை மேலே தள்ளுவதால் அதனாலும் ஏறும். ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ ஏர்கோன் அரங்கில் போட்டி என்றால் முதலில் குளிர்ச்சியால் சற்று ஏறி, மணிக்கணக்கில் மரம் காயக் காய இறங்கும். மேடை விளக்கின் சூடும் இறக்கும். ஆகவே புறப்படும் முன் வீட்டில் கூட்டியதை நம்பாதீர்கள். அரங்கில் நேரம் கிடைத்தால் ஏ, டி, ஜி கட்டுகளை மட்டும் பாருங்கள். எல்லாம் ஒரே அளவு நகர்ந்திருந்தால் அப்படியே விட்டுவிடலாம். சில மட்டும் தனியே விலகியிருந்தால் அவற்றைத் திருத்துங்கள். அரைமணி நேரத்தில் முழு வாத்தியத்தையும் கூட்டத் தொடங்கினால் பாதியில் மேடை ஏற வேண்டி வரும்.

பெட்டிக்குள் ஈரத்தை இழுக்க சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். கடைகளில் விற்கும் ஈரம் இழுக்கும் டப்பாக்களில் பல கால்சியம் குளோரைடு வைத்தவை. இழுத்த நீர் உப்புக் கரைசலாக அடியில் தேங்கும், கவிழ்ந்தால் தந்தியும் ஆணியும் துருப்பிடித்துப் போகும். அலமாரியில் வைக்கலாம், வாத்தியப் பெட்டிக்குள் கூடாது. வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் தந்திகளைத் துடைக்கச் சொல்லுங்கள். துரு தொடங்கியிருந்தால் துணியில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் தொட்டுத் தடவலாம். ஸ்பிரே எண்ணெய் அடிக்காதீர்கள். ஆணிக்கட்டையில் எண்ணெய் இறங்கினால் ஆணி பிடிப்பை இழக்கும், அதைத் திரும்ப எடுக்க வழியில்லை.

கூட்டிய சில நிமிடத்திலேயே ஒரு தந்தி மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தால் அதன் ஆணி தளர்ந்திருக்கிறது. சாவியால் ஆணித்தலையில் நேராக ஓரிரு முறை மெதுவாகத் தட்டி ஒரு மில்லிமீட்டர் உள்ளே இறக்கிப் பாருங்கள். அப்படியும் நழுவினால் தந்தியைக் கழற்றி, ஆணியைத் திருகி வெளியே எடுத்து, மெல்லிய உப்புத்தாள் துண்டை, சொரசொரப்பு மரத்தைப் பார்க்கும்படி, துளைக்குள் வைத்து மறுபடி இறக்கலாம். நிரந்தரத் தீர்வு ஒரு அளவு பெரிய ஆணி.

தந்தி அறுந்தால் பழையதன் தடிமனை மைக்ரோமீட்டரால் அளந்து அதே அளவு வாங்குங்கள். அறுந்த முனையில் அளக்காதீர்கள், அங்கே இழுபட்டு மெலிந்திருக்கும். செம்பு சுற்றியதென்றால் பழைய தந்தியையே கடைக்கு எடுத்துப் போங்கள். ஒரு நேரத்தில் ஒரு தந்தியை மட்டும் கழற்றுங்கள். பழைய தந்தியை எடுத்தபின் ஆணியை மூன்று சுற்று பின்னோக்கித் திருப்பிவையுங்கள், புதுத் தந்தியை இழுக்கும்போது அது தன் பழைய ஆழத்துக்கு வந்துவிடும். கண்ணியை இடப்பக்க ஆணியில் மாட்டி, உருளை, குதிரையின் பள்ளம், வலப்பக்க உருளை என்று ஒழுங்காக உட்கார வைத்து, ஆணியைத் தாண்டி ஏழு எட்டு சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். முனையை ஆணியின் துளையில் நுழைத்து, சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாகக் கீழே இறங்கும்படி மூன்று சுற்று வரட்டும். முதல் நாள் சுருதிக்குச் சற்றுக் கீழேயே நிறுத்தி, மறுநாள் முழுக்க ஏற்றுங்கள். புதுத் தந்தி ஒரு வாரம்வரை நீண்டுகொண்டே இருக்கும். அதுவரை தினமும் வாசிக்கும் முன் அந்த ஒன்றை மட்டும் பார்த்து ஏற்றினால் போதும். போட்டிக்கு முதல் நாள் புதுத் தந்தி போடுவதைத் தவிர்க்க முடியவில்லையென்றால், அந்தக் கட்டின் மற்றத் தந்திகள் சரியாக இருக்கும்போது புதியதை மட்டும் ஃபெல்ட் துண்டால் அடக்கிவிட்டு வாசிக்கலாம். ஓசை கொஞ்சம் மெலியும், சுருதி கலையாது.